உக்கிரபாண்டி கிணற்றுத் தண்ணீர்

இனிமேல் வேதக்காரத் தெருவும் உக்கிரபாண்டியின் தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று அவருடைய பண்ணையாள் கருப்பு வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்த பிறகுதான் தெருவில் பேச்சு கிளம்பியது.

"எதுக்கு இப்பத் திடீர்னு?" என்றாள் தங்கப்பொண்ணு.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன கோடையில், அந்தக் கிணற்று வாய்க்காலில் குடத்தை நனைத்தாள் என்று அவள் கண்ணெதிரே அதை உதைத்து உடைத்தவர் உக்கிரபாண்டி. திருமங்கலத்துக்கு மேற்கே அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் நிலம் அதிகம். தங்கப்பொண்ணும் அவள் புருஷன் மொக்கைச்சாமியும் அவர் பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்கள். ஞானஸ்நானம் எடுத்து வேதக்காரரான பிறகும் அந்த வேலை மாறவில்லை, குடிக்கிற ஊருணித் தண்ணீரும் மாறவில்லை. இந்த வருஷம் மழை பொய்த்து, ஊருணி வெறும் சேறாகக் கிடந்தது.

"கெணத்துல வாளிய விட்டதும் போலீசோட வந்து நிப்பாரு" என்றான் மொக்கைச்சாமி.

"இல்லாட்டி எதையாச்சும் கலந்து வச்சிருப்பாரு" என்றாள் பக்கத்து வீட்டு முத்துத்தாய்.

குடம் உடைந்த கதையை அப்போதே தங்கப்பொண்ணு பசுமலைப் போதகரிடம் சொல்லி அழுதிருந்தாள். "அந்த மனுஷன் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணும்மா" என்றார் அவர். அதிலிருந்து ஞாயிறு தவறாமல், கூரை வேய்ந்த கோயிலில் முழங்கால் போட்டு, 'ஆண்டவரே, அவர் மனசைத் திருப்பும்' என்று கேட்டு வந்தாள். இப்போது அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அந்த வாரத்திலேயே முத்துத்தாயின் மகளுக்கு வாந்திபேதி கண்டது. ஊருணித் தண்ணீரைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தங்கப்பொண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கிணற்றடியில் கருப்பும் உக்கிரபாண்டியும் நின்றார்கள்.

"எறைச்சுக்கோ" என்றார் அவர்.

"எதுக்கு அய்யா குடுக்குறீக?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்குக் குடுக்கணும்?"

அவருக்குக் கோபம் வந்தது. "ஒங்க தெருவுல பேதி வந்தா எங்க தெருவுக்கு வர எம்புட்டு நேரமாகும்? அம்புட்டுதான். போதுமா?"

அது நம்பும்படி இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. இறைத்துக் குடத்தை நிரப்பினாள். முகர்ந்து பார்த்தாள். அவளை அறியாமலே வார்த்தை வந்துவிட்டது.

"நீங்க மொதல்ல குடிங்க அய்யா."

"யாருகிட்டப் பேசுற?" என்று கருப்பு கம்பை ஓங்கினான். உக்கிரபாண்டி கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"வெசம் வச்சிருக்கேன்னு நெனைக்கிறியா?"

அவள் குடத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாளியைப் பார்த்தார், அவள் குடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கையையும் குவித்தார்.

"ஊத்து."

அவள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்து வேட்டியை நனைத்தது. அவர் வயிறு நிறையக் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

திரும்பி வரும்போதுதான் அவளுக்குத் தன் ஜெபம் உறைத்தது. வாரா வாரம் கேட்டிருக்கிறாள். நடக்கும் என்று ஒரு தடவைகூட நம்பியதில்லை. உக்கிரபாண்டியை மட்டுமா சந்தேகப்பட்டோம் என்று நினைத்தபோது இடுப்பிலிருந்த குடம் கனத்தது.

முத்துத்தாயின் மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் கருப்பு வாயிலிருந்து விஷயம் ஊருக்குள் பரவியது. வேதக்காரி குடத்தில் தண்ணீர் குடித்தவர் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று பங்காளிகள் ஒதுங்கினார்கள். அவர் காட்டில் பருத்தி வெடித்து நின்றது. எடுக்க யாரும் போகக் கூடாது, போனால் மற்றவர்கள் காட்டில் வேலை கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். அப்போதும் அவர் கிணற்றை அடைக்கவில்லை.

தங்கப்பொண்ணு வீடு வீடாகப் போய், அவர் காட்டில் பருத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நமக்கு யாரு வேல குடுப்பா?" என்றாள் முத்துத்தாய்.

"தெரியல. நமக்குத் தண்ணி குடுத்துட்டு அந்த மனுசன் ஒத்தையில நிக்கிறாரு. நான் போறேன்."

முத்துத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

உக்கிரபாண்டி வரப்பில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பாத்தியில் பருத்தி எடுக்க இறங்கினார்.