ஒரு தடவை கேட்ட குறி

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். வெங்காய மண்டி அப்துல் கையூம் பாய்க்கு நான் தரவேண்டிய கடன். விதை வெங்காயத்துக்கும் உரத்துக்கும் வாங்கியது. அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். இந்த வருஷம் வடமதுரைக்குப் பக்கத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துச் சின்ன வெங்காயம் போட்டிருந்தேன். காய் நல்லபடியாக மண்டிக்குப் போனால் கடன் தீரும். போகாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு என் முதுகு அவருக்குச் சொந்தம்.

பிடுங்கிய வெங்காயம் தாளோடு காட்டிலேயே சில நாள் காயவேண்டும். நனைந்தால் அழுகிவிடும். மழை பார்த்துக்கொள்ளச் சொல்லி பாய் தன் பழைய போனைக் கொடுத்திருந்தார். அவர் மகள் பர்ஹானா சாயங்காலம் நடத்தும் வகுப்பில்தான், ஐம்பது வயதுக்கு மேல், நான் எழுத்துக் கற்றேன். இங்கிலீஷையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அர்த்தம்தான் பிடிபடாது.

"மேல ஃபோர்காஸ்ட்டுன்னு போட்டிருக்கே, அது என்னா பாய்?"

"ஒங்க கோயில்ல சாமியாடி குறி சொல்றாருல்ல? அதாம்ப்பா இது. என்ன, இது தேங்கா பழம் கேக்காது," என்று சிரித்தார்.

எங்கள் கோயிலில் ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் குறி கேட்போம். மறுபடி கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

காய வைத்த மூன்றாம் நாள் காலை போனைத் திறந்தேன். ஃபோர்காஸ்ட். சூரியன் படம். மழைக்கு நூற்றுக்குப் பத்து. கும்பிட்டுவிட்டு, போனை அணைத்துத் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனேன்.

மத்தியானம் தெற்கே சிறுமலைப் பக்கம் கருத்தது. என் மனைவி மாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாருங்க, வீட்டுக்குப் போயி அந்தப் போனைப் பாத்துட்டு வாங்க. இல்லாட்டி ஒரு தார்ப்பாயாச்சும் வாடகைக்கு எடுத்தாருங்க."

"கேட்டாச்சு புள்ள. ரெண்டாந்தரம் கேக்கப்படாது."

"அது போனா, சாமியா?"

"குறிதான்னு பாயே சொல்லிட்டாரு. பேசாம இரு."

நாலு மணிக்குப் பிடித்த மழை பொழுது சாயும்வரை அடித்தது. பாத்தி தெரியாமல் தண்ணீர் நின்றது. வெங்காயம் மிதந்து போய் வரப்போரம் ஒதுங்கியது. மாயம்மாள் முந்தானையில் அள்ளி அள்ளி மேட்டில் கொட்டினாள். எம்புட்டு அள்ள முடியும்?

வீட்டுக்கு வந்து, ஈரக்கையோடு போனைத் திறந்தேன். சூரியனைக் காணோம். மேகம், மின்னல். நூற்றுக்குத் தொண்ணூறு.

மழை பெய்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. சாமியாடி தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு அப்படியே நிற்கும். இது சொன்ன வாக்கையே மாற்றியிருந்தது. யாரும் கேட்காமலே மாற்றியிருந்தது.

விடிந்ததும் பாயும் பர்ஹானாவும் ஸ்கூட்டரில் வந்தார்கள். காட்டைப் பார்த்த பாய் அப்படியே நின்றுவிட்டார்.

"பன்னெண்டு மணிக்கே மாறிருச்சேப்பா! எத்தனை தடவ கூப்புட்டேன்! போனை எதுக்கு அணைச்ச?"

குறியை ரெண்டாந்தரம் கேட்கப்படாதென்று அணைத்ததைச் சொன்னேன். பர்ஹானா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா! ப்ராஃபசின்னு ஒண்ணு இருக்கு. அதான் சாமி வாக்கு, சொன்னா சொன்னதுதான். பிரடிக்‌ஷன்னா இது இப்படி நடக்கும்னு யாரு வேணாலும் முன்னாடியே சொல்றது. இது ஃபோர்காஸ்ட். காத்தையும் மேகத்தையும் அளந்து போடுற கணக்கு. காத்து மாறுனா கணக்கும் மாறும், மணிக்கு மணி பாக்கணும். இதைப் போயி குறின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாயம்மாள் குனியவில்லை.

"ஒங்க அத்தாதான் தாயி."

பாயின் முகம் வெளுத்தது. ஈர வரப்பிலேயே உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து நசுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது.

"வெளையாட்டாச் சொன்னேன்ப்பா. நீ விழுந்து கும்பிடுவன்னு எனக்கென்ன தெரியும்," என்றார். எழுந்து வேட்டியைத் தட்டினார். "அர்த்தம் சொன்னவன் நான். அந்தப் பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது ஒனக்கு இனிமே இல்ல. தள்ளிட்டேன்."

மாயம்மாள் கேட்டாள்.

"நெசமாவா பாய்?"

"ரெண்டாந்தரம் கேக்காத தாயி," என்றார்.