பச்சையாகாத கட்டம்

போன வாரம் அவள் கணவரின் சிறுநீர் ஒருமுறை சிவந்து போனது. பீட்ரூட் சாப்பிட்டேன் என்றார். அவருடைய அப்பாவுக்கும் முதலில் ஒருமுறைதான் சிவந்தது. அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி, தான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கே அவரை அழைத்து வந்திருந்தாள்.

அவருடைய சிறுநீர் டப்பாவில் சோதனைக் குச்சியை நனைத்து எடுத்து, விளிம்பைத் தாளில் ஒற்றினாள். ரத்தம் இருந்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகும். காத்திருந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

குச்சி சுத்தம் என்றால் மைக்ராஸ்கோப் தேவையில்லை. இங்கே அதுதான் வழக்கம். அவருடைய டப்பாவைக் கொட்ட வேண்டிய தட்டில் வைத்தாள். பிறகுதான் மூச்சு வந்தது.

வெளியே பெஞ்சில் அவர் எதையோ சப்பிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பாஸா ஃபெயிலா?”

“பாஸ்.”

“நான்தான் சொன்னேன்ல. பஸ் ஓட்டுறவன் ஒண்ணுக்குப் போறதுக்கெல்லாம் பரீட்சையா?”

“வாயில என்ன?”

“சளிக்கு வாங்கினேன். வைட்டமின் சி. ஆரஞ்சு மிட்டாய் மாதிரியே இருக்கு. ரெண்டு நாளா வண்டியில இதான் எனக்குத் துணை.”

அந்த வைட்டமின் சிறுநீரில் நிறைய இறங்கியிருந்தால், ரத்தம் இருந்தாலும் கட்டம் நிறம் மாறாமல் போகலாம். வருகிற எல்லோரிடமும் கேட்பாள்: மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? வீட்டு மனிதரிடம் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே ஓடினாள். துப்புரவு அக்கா தொட்டியருகே தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“அக்கா, கொட்டாதீங்க.”

“ஏன், மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?”

மீதமிருந்த டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பெயர் பார்த்தாள். கடைசியில் இருந்தது அவருடையது.

சுழற்றும் இயந்திரம் நிற்கும்வரை அவள் உட்காரவில்லை. மேல்நீரை வடித்து, அடியில் படிந்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். மைக்ராஸ்கோப்பின் மேல் குனியத்தான் முடியவில்லை.

வாசலில் அவர் தலை தெரிந்தது. “போலாமா? பசிக்குது.”

குனிந்தாள். வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள். தகட்டை நகர்த்தினாள். அங்கேயும்.

“உக்காருங்க. டாக்டரைப் பாத்துட்டுப் போலாம்.”

“பாஸுன்னு சொன்னியே?”

அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்தார். சப்புவதை நிறுத்தினார்.