பெரிய சனிக்கிழமைத் தண்ணீர்

வாளி தண்ணீரைத் தொடுவதற்குள் தண்ணீரே மேலே வந்து வாளியைத் தொட்டது. ரோசலின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் ஒரு முழம் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. அவசரமே இல்லாமல், தூங்குகிறவரின் வயிறுபோல. சத்தம் இல்லை. பக்கத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, அடியிலிருந்து செம்மண் கலங்கி வந்தது. தெரு முழுக்கக் குடிக்கிற தண்ணீர். அவள் காலி வாளியோடு வீட்டுக்கு நடந்தாள். பார்த்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று பெரிய சனிக்கிழமை, 1964-இன் ஈஸ்டருக்கு முந்தின நாள். வியாழன் சாயங்காலம் கோயில் மணி அடங்கிவிட்டால், உயிர்ப்புப் பூசையில் அது மறுபடி ஒலிக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் மண்ணில் இரும்பு வைக்கமாட்டார்கள். ஆண்டவர் மண்ணுக்குள் கிடக்கிறார். மேலே கடப்பாரை போடக்கூடாது. அவளுடைய அப்பா கஸ்பார் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிறவர். பக்கத்துக் காட்டில் நல்லுசாமியின் புதுக் கிணற்றில் வேலை. அவரும் வியாழனோடு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் முந்தின ராத்திரி தூறல் விழுந்திருந்தது. கிணற்றுக்குள் வைத்த வெடிமருந்துப் பெட்டி நனைந்திருக்குமோ என்று காலையில் போய்ப் பார்த்துவிட்டு, கிணற்றைவிட்டு ஏறி வந்தார். அதை எதிர்வீட்டுச் சவேரியம்மாள் பார்த்திருந்தாள்.

"சாக்கப் போட்டு அமுக்கி வெடி வச்சிருக்கான், சத்தம் எப்பிடிக் கேக்கும்?" என்று கலங்கிய தண்ணீரைக் குடத்தில் அள்ளி எல்லோருக்கும் காட்டினாள். "நம்ம ஊத்துக்கண்ணுல போயி வெடிச்சிருக்கு. ஆண்டவரு நெஞ்சு மேலயே வெடி வச்ச மனுசன்!"

"நான் வைக்கலத்தா" என்று கஸ்பார் ஒரு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் சாட்சி சொன்னால் எடுபடாது என்று ரோசலினும் பேசாமல் இருந்துவிட்டாள். உண்மையில் அது ஒரு சாக்கு. பி.எஸ்சி. படித்து, திண்டுக்கல்லில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தும், வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறவள் அவள்.

உயிர்ப்பு ஞாயிறு சப்பரத்தில் கஸ்பார் வழக்கமாகத் தோள் கொடுக்கும் இடத்தில் வேறொருவர் நின்றார். கஸ்பார் பின்னால் நடந்து வந்தார். மத்தியானம் கறிச்சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினார். அப்புறம் நல்லுசாமி வந்தார், உட்காரவில்லை.

"எனக்கொண்ணுமில்ல கஸ்பாரு. ஒங்க தெருக்காரவுகதான் எனக்கு வாய்க்காப் பங்காளி, பகைச்சுக்க முடியாது. கொஞ்ச நாள் பொறு."

பொறு என்றால் வேறு ஆள் பார்க்கிறார் என்று அர்த்தம். பொங்கலுக்குப் பிறகு கஸ்பாருக்குக் கிடைத்த ஒரே கிணறு அதுதான்.

சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி. அலாஸ்காவில் பெரும் பூகம்பம். பெரிய வெள்ளிக்கிழமை மாலை. பானை கழுவிக்கொண்டிருந்த ரோசலினின் கை நின்றது. அங்கே வெள்ளி மாலை என்றால் இங்கே சனி காலை. பூமியின் மேல்தோலோடு அலை ஊர்ந்து இவ்வளவு தூரம் வர முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். கணக்கு சரியாக வந்தது; கிணற்றைக் கலக்கியது அந்த அலைதான். சந்தோஷம் வரவில்லை. இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே என்ற அலுப்புதான் வந்தது.

மறுநாள் கோயில் முற்றத்தில் உபதேசியார் சூசை விசாரிக்கத் தெருக்காரர்களைக் கூட்டினார். நல்லுசாமியும் வந்து ஓரமாக நின்றார். ரோசலின் தரையைப் பார்த்தபடி, கிணற்றில் பார்த்ததையும் அலாஸ்கா பூகம்பத்தையும் சொல்லி முடித்தாள்.

சவேரியம்மாள் சிரித்தாள். "அங்கிட்டு அவன் ஒல வச்சா, இங்கிட்டு நம்ம பானை கொதிக்குமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"செத்த இருங்க. வத்தலக்குண்டுல என் மச்சினன் கெணறும் சனிக்கெழம காலையில கலங்குச்சுன்னான். அங்க எந்த வெடிக்காரன் போனான்?"

சிரிப்பு நின்றது. சூசை தொண்டையைச் செருமினார். "அப்ப கஸ்பாரு மேல குத்தமில்ல. என்ன சவேரி?" அவள் முந்தானையை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ரோசலின் தலையை நிமிர்த்தினாள். நல்லுசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, அங்க ஆடுனது இம்புட்டுத் தூரம் வந்து தண்ணியக் கலக்குமுன்னா, பாறைய அசைக்காதா? இங்கயும் ஆடுமா? ஆடுமின்னா நான் ஒரு உசுரையும் கெணத்துக்குள்ள எறக்க மாட்டேன்."

ஒரு பூகம்பம் வெகுதூரத்தில் இன்னொன்றை எழுப்புமா என்று அவள் கல்லூரியில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். இருக்கலாம், யாரும் நிரூபிக்கவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை பலகையை அழித்தார். ஆனால் பாறை அவளுக்கு வீட்டு விஷயம். சில பாறை வெடி வைத்த அன்று அசையாது. மறுநாள் கடப்பாரை நுனி பட்டதும் சரிந்துவிடும். உள்ளே ஏற்கெனவே விண்டுபோய் ஒரு தொடலுக்காகக் காத்திருக்கும். அப்பாவின் இடது கால் விரல்கள் அப்படித்தான் போயின.

தெரியாது என்பதுதான் சரியான பதில். அதைச் சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும். அப்பா கோயில் படியில் உட்கார்ந்து, கால்விரல் இல்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வராதுங்கய்யா" என்றாள் ரோசலின், நல்லுசாமியின் முகத்தைப் பார்த்து. "இங்க வராது."

"படிச்ச புள்ள சொல்லுது" என்றார் சூசை. நல்லுசாமி கஸ்பாரைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கஸ்பார் கேட்டார். "நெசமாவே வராதாம்மா?"

"தெரியாதுப்பா."

அவர் கொட்டாவி விட்டார். "நாளைக்கு வெள்ளன எழுப்பிவிடு. வெடிக்குழி ரெண்டு பாக்கி கெடக்கு."

பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் கஞ்சியோடு அவளும் போனாள். அவர் கயிற்றைப் பிடித்து இறங்கியதும், ஒரு செம்பு நிறையத் தண்ணீரைக் கிணற்று விளிம்புப் பாறையில் வைத்து, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கீழே சம்மட்டி விழுந்தது. செம்பின் நடுவில் மெல்லிய வட்டம் ஒன்று பிறந்து ஓரத்தைத் தொட்டு மறைந்தது. அடுத்த அடி, அடுத்த வட்டம். ஒவ்வொன்றும் அவருடைய அடிதானா, இல்லை பாறையே அசைகிறதா என்று அவள் சத்தத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. கண் எரிந்தது.

சம்மட்டி நின்றது. அப்பா வேர்வை துடைப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு, தண்ணீர் அடங்கக் காத்திருந்தாள்.