கவிழ்த்துப் போட்ட கற்கள்

அந்தப் பண்ணை அழியத் தொடங்கியது என் சமையலறையில்தான். துரைமார் சட்டம், வாரிசுச் சண்டை என்று ஊரில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். தரையைப் பெயர்த்தவள் நான்.

என் வீட்டுக்காரர் கல்தச்சர். பண்ணை எசமானுக்கோ கண்ணில் பட்ட வயலெல்லாம் வேண்டும். பக்கத்து வயல்காரனை மிரட்டி ஊரைவிட்டு விரட்டிய மறுநாளே இவரைக் கூப்பிட ஆள் வரும். இரண்டு வயலுக்கும் நடுவே சர்க்கார் நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்கி ஆற்றில் போட வேண்டும். கல் போனதும் இரண்டு வயலும் ஒன்றாகிவிடும். இப்படியே பன்னிரண்டு வருஷத்தில் பண்ணை ஆற்றங்கரைவரை வந்துவிட்டது. எசமான் வீட்டுக்கு மாடி வந்தது, மாடிக்கு மேல் இன்னொரு மாடியும் வந்தது.

இவர் தாராளமான மனுஷன்தான், ஆனால் கல் விஷயத்தில் மகா கஞ்சர். "எவ்வளவு நல்லா செதுக்கின கல்லு! தண்ணில போட மனசு வருமா?" என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, எண் வெட்டிய பக்கத்தைக் கவிழ்த்து, சமையலறைத் தரையில் பதித்தார். நானும் புத்திகெட்டுப்போய், வழுவழுவென்று தரை கிடைத்ததே என்று பூரித்தேன்.

பதின்மூன்றாம் வருஷம் நிலத்தை மறுபடி அளக்க சர்க்கார் ஒரு சர்வேயரை அனுப்பியது. சங்கிலியும் பழைய வரைபடமுமாக வந்தவரை எசமான் எங்கே தங்கவைத்தார் தெரியுமா? எங்கள் வீட்டில்! வயலுக்குப் பக்கம், தன் மாடிக்குத் தூரம் என்று பார்த்தார். கல்லெல்லாம் ஆற்றுக்குள் கிடப்பதாகத்தானே அவர் நினைப்பு.

அந்த மனிதர் மூன்று வேளையும் அந்தத் தரையில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"படத்துல நாப்பத்தொரு கல்லு இருக்கும்மா. நேர்ல ஒண்ணுகூட இல்ல. படமே தப்புங்கறார் உங்க எசமான். ஒரே ஒரு கல்லு கெடச்சாப் போதும், அவர் பொய் வெளிய வந்துடும்."

நான் ஊற்றிய குழம்பு தட்டில் பாதி, தரையில் பாதி.

சர்வேயர் வெளியே போனதும் இவரிடம், "என்னங்க, பேத்து ஆத்துல போட்ருவோம்," என்றேன்.

"அந்தாளு அது மேலயே குடியிருக்காரு, எப்படிப் பேக்கறது? அவருக்குத் தெரிஞ்சா ஜெயிலு. எசமானுக்குத் தெரிஞ்சா..." மிச்சத்தை மென்று விழுங்கினார்.

மறுநாள் காலை சர்வேயர் வயலுக்குக் கிளம்பியதும் பண்ணைக் காரியஸ்தர் வந்தார். "கடைசியா ஒரு வேலை. இந்தத் தடவை புடுங்க வேண்டாம், நடணும். ஆத்தங்கரைல ஒரு கல்லு, பழசு மாதிரி தெரியணும். பண்ணை எல்லை அங்கதான்னு சர்வேயர் நம்பணும்."

இவர் சுத்தியலையும், கல் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டார். "மத்தியானம் வந்துடறேன். சர்வேயருக்குச் சோறு போட்டுடு."

மத்தியானம் வரவில்லை. பொழுது சாயும்போது காரியஸ்தரிடம் போய்க் கேட்டேன்.

"உன் புருஷனா? நட்டு முடிச்சுட்டு வெளியூர் வேலைக்குப் போயிட்டானே, சொல்லலையா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆற்றங்கரைக்கு ஓடினேன். புதுக் கல், சேறு பூசி நின்றது. ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு பிடிக்காமல் என் வீட்டுக்காரர் ஒரு கல்லும் நட்டதில்லை; மயிரிழை பிசகினாலும் பிடுங்கி மறுபடி நடுவார். கல்லைச் சுற்றி மண் கிளறியிருந்த இடமோ, ஒரு கல்லுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.  அங்கே நின்று அழக்கூடப் பயம்.

வீட்டில் சர்வேயர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரிங்கய்யா," என்றேன்.

கடப்பாரையை விட்டு நெம்பினேன். முதல் கல் புரண்டது. அவர் எச்சில் கையாலேயே மண்ணைத் துடைத்தார். பதினேழு என்று வெட்டியிருந்தது.

"நாப்பத்தொண்ணும் இங்கதான் இருக்கு."

 "உங்க வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போகணுமேம்மா."

"உயிரோட இருந்தா போகட்டும்யா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல்ல அந்த ஆத்தங்கரைக் கல்லைத் தோண்டுங்க," என்றேன். "அதை அவர் நடலை."