நீக்கிலாப்பிள்ளையரின் நிறம்

படம் பிடிக்கிறவன் வருவதற்குள் செபநாயகம் செத்துப்போன தகப்பன் நீக்கிலாப்பிள்ளையருடைய முகத்தில் அரை டின் பவுடரைக் கொட்டிவிட்டான். குருநகரில் செத்தவீடென்றால் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். அந்தப் படம் சம்பந்தி வீட்டுக்கும் போகும். அதில் தகப்பனின் கறுப்பு தெரியக்கூடாது என்பதுதான் அவன் கணக்கு.

"அண்ணை, உது ஐயா மாதிரியே இல்லை," என்றாள் பெர்னடெட்.

"உன்ரை கலியாணத்துக்குத்தான் இவ்வளவும். பேசாமல் இரு."

அவளுக்கும் அந்தக் கலியாணம் வேண்டும். மாப்பிள்ளையைப் பிடித்துப் போய்விட்டது, மறைப்பானேன்? ஆனால் போன மாதம் சர்க்கார் வான் வந்து கோயில் வளவில் யுத்தப் படம் காட்டியபோது வந்தது வினை. திரையில் ஆபிரிக்கச் சிப்பாய்கள் அணிவகுத்து வந்ததும் நீக்கிலாப்பிள்ளையர் எழுந்துவிட்டார்.

"எங்கடை ஆக்கள்! என்ரை பூட்டனையும் வெள்ளைக்காரன் உப்பிடித்தான் பட்டாளத்துக்கு விலைக்கு வாங்கிக் கொண்டந்தவன்!"

கடைசிச் சிப்பாய் மறையும்வரை சலியூட் அடித்தபடி நின்றார். பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் யோசப்பின் என்பவள் இருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சுமில்லை.

செத்தவீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா? இப்போது அதே யோசப்பின் "ஐயோ, என்ரை ராசா" என்று ஒப்பாரி வைத்தபடி உள்ளே வந்தாள். பெட்டிக்குள் பார்த்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஆரிது? கச்சேரி வெள்ளைத் துரையோ?"

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். பெர்னடெட்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தவரை ஒருநாளும் வெட்கப்படாத மனுஷனைச் செத்த பிறகு வெட்கப்பட வைப்பதா? துவாயை நனைத்து வந்து தகப்பனின் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"கலியாணம் போச்சடி!" செபநாயகம் பல்லைக் கடித்தான்.

"போனால் போகட்டும். மாமி, இதுதான் என்ரை ஐயா. அண்டைக்கு அவர் சொன்னதெல்லாம் உண்மை."

சொல்லிவிட்டாளே தவிர, மாப்பிள்ளையின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குள் வந்துவிட்ட படம் பிடிக்கிறவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றான்.

"கொஞ்சம் பொறு, தம்பி."

மாப்பிள்ளையின் தாய் பெட்டியருகே குனிந்து கையை நீட்டினாள்.

"துவாயை இஞ்சை தா, பிள்ளை. காதுக்குப் பின்னாலை விட்டிட்டாய்."

இரண்டு காதையும் துடைத்தாள். பிறகு கழுத்தையும்.