கடைக்குட்டியின் மெக்சிகன் கடை

மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே தம்பி என்பதால் அவனுக்கு வீட்டில் கடைக்குட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெருநகரத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவன் ஒரு மெக்சிகன் உணவகம் திறந்தபோது, மூத்த அக்காவின் வீட்டுக்காரரான பிளம்பர்தான் குழாயெல்லாம் பொருத்திக் கொடுத்தார். குழாய்கள் நன்றாக வேலை செய்தன. அந்தக் கடையைப் பற்றி நல்லதாகச் சொல்ல இருந்தது அதோடு சரி.

கடைக்குட்டி மெக்சிகோவுக்குப் போனதில்லை. போனவர் யாரையும் பார்த்ததும் இல்லை. சமையலைச் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். அதையும் பேருந்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான்.

கடை திறப்பதற்கு முந்தின நாளே பிளம்பருக்கு வீட்டில் உத்தரவு வந்துவிட்டது.

"என்னங்க, வாரா வாரம் வெள்ளிக்கிழமை நம்ம மூணு குடும்பமும் அங்கதான் சாப்பிடுறோம். என் தம்பி மனசு நோகுற மாதிரி ஒரு வார்த்தை உங்க வாயில வந்துது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மற்ற இரண்டு அக்காமாரும் தத்தம் வீடுகளில் இதையே, இன்னும் கொஞ்சம் காரமாகச் சொல்லியிருந்தார்கள்.

பிளம்பருக்குப் பொய் சொல்ல வராது. முதல் வெள்ளியன்று டாக்கோ என்கிற, கறி வைத்து மடித்த சோள ரொட்டியைக் கடித்துவிட்டு, அதில் பாராட்டும்படி உண்மையாக ஏதாவது இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினார். "மொறுமொறுன்னு இருக்கு மச்சான்" என்றார். இரண்டாவது சகலை பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் யோசித்து, "புளிப்பு நல்லா எடுப்பா இருக்கு" என்றார். மூன்றாவது சகலை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் வாயில் வைக்காமலே, "கலர் கண்ணைப் பறிக்குது" என்று முடித்துக்கொண்டார்.

அங்கேதான் குடும்பமே சறுக்கியது. கடைக்குட்டி பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன். மொறுமொறுப்பு பிடித்திருக்கிறது என்றால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பு. புளிப்பு பிடித்தால் இன்னும் நாலு எலுமிச்சை. மறுபடி வந்தார்கள், மறுபடி அதையே பாராட்டினார்கள், அவனும் மறுபடி கூட்டினான்.

நாலைந்து மாதத்தில் அந்தச் சமையல் எங்கேயோ போய்விட்டது. டாக்கோ உடையும் சத்தத்துக்கு எதிரே பேருந்துக்கு நிற்பவர்கள் டயர் வெடித்ததென்று எட்டிப் பார்த்தார்கள். சாஸை பிளம்பர் ஒரு புட்டியில் எடுத்துப்போய் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் சாக்கடை அடைப்பில் ஊற்றினார். மொட்டை மாடி வரை சுத்தமானது. பீன்ஸ் மசியலை ஒருநாள் அவசரத்துக்கு ஒழுகும் குழாய் மூட்டில் அப்பினார். அது இன்றைக்கும் ஒழுகவில்லை. கண்ணாடிக் கடைக்காரரோ அவகாடோ பழச் சட்னியின் பச்சையை நேரில் பார்க்க முடியாமல் கறுப்புக் கண்ணாடியோடு சாப்பிட வந்தார்.

வெளியாட்கள் ஒருமுறை வருவார்கள். இரண்டாம் முறை வந்தவர், முதல் நாள் விட்டுப்போன குடையை எடுக்க வந்தவர்.

அப்படியிருக்க, கடைக்குட்டிக்கு ஒரு பெண் அமைந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவள், அவன் பேச்சில் மயங்கிவிட்டாள். ஒதுங்க மட்டும் வந்ததால் எதையும் சாப்பிடவில்லை. அவள் அப்பா, சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பையன் கையால சமைச்சதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கணும். அப்புறம்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்."

ஞாயிறு மதியம் என்று முடிவானது. சனிக்கிழமையே பிளம்பர் கடைக்குப் போய், தண்ணீர்க் குழாயை மூடித் தொலைத்துவிட்டால் சமையல் நடக்காதே என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தார். தன் கையால் பொருத்திய குழாயைப் பார்த்தார். மனம் வரவில்லை. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிறன்று குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கடைக்குட்டி வியர்க்க விறுவிறுக்கத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். பெண்ணின் அப்பா டாக்கோவை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

கடித்தால் கல்யாணம் போச்சு. தடுத்தால் மச்சான் மானம் போச்சு. பிளம்பர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையிலேயே அவர் பாதி வெந்துபோனார்.

"ஐயா, கடிக்காதீங்க!"

டாக்கோ அந்தரத்தில் நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"சாப்பிட முடியாதுங்க. பையன் தங்கம். சமையல்தான் இப்படி. நாங்க பாராட்டிப் பாராட்டியே கெடுத்துட்டோம். நான் மொறுமொறுப்பு, இந்தச் சகலை புளிப்பு, அந்தச் சகலை கலர்."

பெரிய அக்கா தலையில் கை வைத்தாள். கடைக்குட்டியின் முகம் என்னவோ போல் ஆனது. பாய்ந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அத்தான்! அப்ப நல்லா இல்லையா?"

"நல்லாவே இல்ல மச்சான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஐயோ, நான் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன் அத்தான்! என்னாலயே ஒரு வாய் முழுங்க முடியல. நீங்க எல்லாரும் தட்டை வழிச்சுச் சாப்பிடுறீங்க. சரி, மெக்சிகோ சாப்பாடே இப்படித்தான், நமக்குத்தான் ருசி தெரியலன்னு டாக்டர்கிட்ட போய் நாக்கை நீட்டிட்டு வந்தேன்!"

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் பெண்.

"நாக்கு நல்லா இருக்கு, வெளிய சாப்பிடுறதை நிறுத்துன்னாரு."

அவள் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. டாக்கோவைத் தட்டில் வைத்தார். தட்டு விரிசல் விட்டது.

"இதை வாரா வாரம் தின்னீங்களா?"

"ஒரு வாரம்கூடத் தப்பல" என்றார் வேன் டிரைவர்.

"எதுக்கு?"

"மச்சானுக்காகத்தான். பின்ன, பசிக்கா?"

பெரியவர் மூன்று மாப்பிள்ளைகளையும் வரிசையாகப் பார்த்தார். ஒருவர் இன்னும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஒரு பையனுக்காக இதை மென்னு முழுங்கின குடும்பம், என் பொண்ணைக் கைவிடவா போகுது? எனக்குச் சம்மதம்."

"ஆனா எல்லாரும் பொய் சொல்றாங்களேப்பா" என்றாள் மகள்.

"அதுக்குத்தானே நீ போற."

பெரிய அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப எல்லாரும் என்னத்தைச் சாப்பிடுறது?" என்றாள். அப்போதுதான் அத்தனை பேருக்கும் பசித்தது. பக்கத்துத் தெருவில் சூடாக ரொட்டி கிடைக்குமென்று வேன் டிரைவர் சொல்ல, கடைக்குட்டி அடுப்பை அணைத்தான். ஷட்டரை இறக்கும்போது பேருந்திலிருந்து இறங்கிய ஒருவர் ஓடி வந்தார்.

"என்னங்க, மூடிட்டீங்களா? சாப்பாடு எப்படி இருக்கும் இங்க?"

மூன்று சகலைகளும் பழக்கதோஷத்தில் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். டிக்கெட் பெண் கையை நீட்டி அவர்களை நிறுத்தினாள்.

"மோசமா இருக்கும்ங்க. அடுத்த மாசம் வாங்க, நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்."