மூன்றாவது ஃபியூஸ்

ஞானையாவை அறைந்த பிறகுதான் மோட்டாரைச் சோதித்தேன். எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைக் கடைசியில் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பதினோரு நாள் உட்கார்ந்து நானே செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுத்த நாற்பது குதிரைசக்தி மோட்டார் அது. இனிகோ முதலாளியின் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸரை இழுப்பது அதுதான். எழுபத்து நாலு ஆகஸ்ட், நல்ல இறால் சீசன். அறுபது கூடை வாசலில் நிற்க, மோட்டார் நின்றுவிட்டது என்று விடிந்ததும் ஆள் வந்தால் வயிறு எரியாதா? உள்ளே நுழைந்ததுமே, காயிலில் பூசிய வார்னிஷ் சூடேறிய வாடை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எரிச்சிட்டியாலே, பாவி!" என்று ஆபரேட்டர் ஞானையாவின் சட்டையைப் பிடித்தேன்.

"நான் ஒண்ணுஞ் செய்யல அண்ணாச்சி. நல்லா ஓடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. திடீர்னு உறுமிட்டு நின்னுபோச்சு. திருப்பிப் போட்டா உறுமுதே தவிர சுத்த மாட்டேங்கு. அந்நேரந்தான் குருசடி லைட்டும்..."

"லைட்டப் பத்தி உங்கிட்ட கேட்டனால?"

ஓங்கி அறைந்தேன். இறால் உரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளிக்கு என் வார்த்தை போதும். "சாவியக் குடுத்துட்டு ஒன் ஊரு சாயர்புரத்துக்கே போய்ச் சேருல" என்றார். அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனான்.

மோட்டாரிலிருந்து மூன்று வயரையும் கழற்றி, மின்கசிவு பார்க்கிற மெக்கரை வைத்தேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் நன்றாக ஏறி நின்றது. மின்சாரம் எங்கேயும் பாடிக்குக் கசியவில்லை. முனைகளை இரண்டிரண்டாகப் பார்த்தேன். மூன்று ஜோடியும் ஒரே அளவு. காயில் எரியவில்லை, சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. விட்ட அறையை எப்படித் திரும்ப எடுப்பது?

இரண்டு பல்பைத் தொடராகக் கட்டி, மெயின் ஃபியூஸ்களுக்குக் கீழே தொட்டேன். முதல் இரண்டுக்கும் பளிச்சென்று எரிந்தது. மூன்றாவதைத் தொட்டால் மங்கிவிட்டது. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் வரவில்லை. இரண்டு பேஸில் மோட்டார் உறுமத்தான் செய்யும், சுற்றாது, அவன் சொன்ன மாதிரியே.

மெயினை அணைத்து மூன்றாவது ஃபியூஸை உருவினேன். கம்பி உருகிப்போயிருந்தது. அதன் அடியிலிருந்து கூடுதலாக ஒரு வயர் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே சிலுவை நட்ட சின்னக் கோயிலுக்கு, குருசடிக்குப் போனது. அங்கே, ஆடிக் காற்றில் அறுந்த விளக்குச்சரம் தகரக் கூரையில் உரசிக் கிடந்தது. அந்த ஷார்ட்டில்தான் மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. எந்த மடையன் தனி ஃபியூஸ் வைக்காமல் இந்த வயரை இழுத்தான் என்று வாய்விட்டே கத்தினேன். ஜாயிண்டைப் பார்த்தேன். பருத்தி டேப் சுற்றி வார்னிஷ் பூசியிருந்தது. இந்த ஊரில் ஜாயிண்டுக்கு வார்னிஷ் பூசுகிறவன் நான் ஒருத்தன்தான்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் முதலாளி கேட்டார், இழுத்துக் கொடுத்தேன். பத்து நாள் விளக்குக்குத் தனி ஃபியூஸ் எதற்கு என்று விட்டேன். திருவிழா முடிந்து அவிழ்க்கவும் வரவில்லை.

"முதலாளி, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. தப்பு எம்மேல. இந்த வயர இழுத்தது நான்தான்" என்றேன்.

"மெல்லப் பேசும்வே" என்றார் முதலாளி. "பொம்பளையள் கேக்காளுவ. அவன் போறான்னா போட்டும்."

"அடிச்சது எல்லாரு முன்னாலயுந்தான! இதயும் அப்படித்தான் சொல்லுவேன். அவன் வந்து சாவிய எடுத்தாத்தான் நான் மோட்டார் வயர மாட்டுவேன். இல்லன்னா அறுபது கூடையும் நாறட்டும்."

முதலாளி வாசலைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். பிறகு அவரே போய் ஞானையாவைக் கூட்டிவந்தார்.

குருசடி வயரை வெட்டி எறிந்து, புது ஃபியூஸ் கம்பி போட்டு, மோட்டார் வயரை மாட்டினேன். ஞானையா ஸ்டார்ட்டரைப் போட்டான். மோட்டார் ஒரே மூச்சில் வேகம் எடுத்தது. அவன் கன்னத்தில் என் நாலு விரலும் அப்படியே இருந்தன.

"ஞானையா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என் மெக்கர் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இத மொதல்லயே வச்சிப் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி?"